பாக்குவெட்டியில் பாதியான மாத்திரை

1. நூற்று முப்பத்திரண்டு

அஞ்சலையின் நாடி நிமிஷத்துக்கு நூற்று முப்பத்திரண்டு துடித்தது. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் நூற்று இருபத்தெட்டு. பத்து நாள் மருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு நாலு கூடியிருந்தது. டாக்டர் அவள் கையை மெல்லக் கீழே வைத்தார். கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சூசை, அந்த அயோடின் சொல்யூஷன் யாரு கலந்தது?"

"நான்தான் சார்."

"சரியா நிறுத்துத்தான் போட்டியா?"

கம்பவுண்டரைப் பார்த்து இப்படிக் கேட்பது, சமையல்காரரைப் பார்த்து உப்புப் போட்டாயா என்று கேட்பது மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அஞ்சலை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. என் கோபத்துக்கு அது நேரமில்லை.

இதைப் படிக்கும் இளம் பார்மசிஸ்டுகளுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நீங்கள் இன்று ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறீர்கள். நாங்கள் மருந்தை நிறுத்து, இடித்து, கரைத்து, வடிகட்டிக் கொடுத்தவர்கள். நோயாளி வீட்டிலிருந்து சீசா கொண்டுவருவார். அதைக் கழுவி, மிக்சரை ஊற்றி, ஒரு வெள்ளைக் காகிதத்தை நீளமாக மடித்து, விளிம்பில் பல் பல்லாக வெட்டிச் சீசாவின் பக்கவாட்டில் ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போதும்.

அரியலூரில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் இருந்தது எங்கள் டிஸ்பென்சரி. டாக்டர் எல்.எம்.பி. என்ற அந்தக் காலத்து வைத்தியப் படிப்பு படித்தவர். வெளியே பெஞ்சு, உள்ளே டாக்டரின் மேஜை, தட்டிக்குப் பின்னால் என் ராஜ்யம். யுத்த காலம். இன்று கிடைக்கும் மருந்து நாளைக்குக் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு சீசாவிலும் எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஆறு வருஷ சர்வீஸ். தொழில் தெரியும் என்ற கர்வம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதுவும் அயோடின் சொல்யூஷன் விஷயத்தில். அயோடினை நேரே தண்ணீரில் போட்டால் கரையாது, அடியில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்துக்கொண்டு, அதில் அயோடினைப் போட்டு, அது முழுக்கக் கரைந்த பிறகுதான் மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இது தெரியாமல் ஒரு மணி நேரம் கண்ணாடிக் கோலை வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, பொங்கலா கிண்டுறே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்யூஷனில் நான் தப்பு செய்ததே இல்லை.

2. ஒரே வண்டியில் வந்த இரண்டு கழுத்துகள்

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் பொன்னாயி அம்மாள் தன் இரண்டு மருமகள்களையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பெரம்பலூர் ரோட்டில் எட்டு மைல் தள்ளி ஊர். ஏரிப் பாசனத்தில் நெல், மேட்டுக்காட்டில் கடலை. ஆள், பேர், மாடு, கன்று என்று நிறைந்த வீடு. பொன்னாயிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைவிட்டு இறங்கும்போதே இரண்டு மருமகள்களுக்கும் ஒரே நிறத்தில் ஒரே கரைபோட்ட சேலை கட்டியிருந்ததைக் கவனித்தேன். வளையலும் ஒரே மாதிரி. பையில் இருந்த வெற்றிலைப் பாக்கைக்கூட இருவருக்கும் எண்ணிக் கொடுத்தார்.

இருவருக்கும் கழுத்தில் வீக்கம். அதோடு ஒற்றுமை முடிந்தது.

மூத்தவள் அஞ்சலை எலும்பும் தோலுமாக இருந்தாள். கண் இரண்டும் யாரையோ கண்டு திடுக்கிட்ட மாதிரி வெளியே பிதுங்கியிருந்தன. "மூணு ஆளு சோறு திங்கிறா சார், எங்க போவுதுன்னே தெரியல. தூக்கம் கெடையாது. தொட்டதுக்கெல்லாம் வள்ளுனு விழுவுறா" என்றார் பொன்னாயி. டாக்டர் அவளைக் கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது.

இளையவள் குஞ்சம்மாள் சித்திரை வெயிலில் கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தாள். முகம் உப்பி, இமை தடித்து, குரல் கரகரத்துக் கிடந்தது. பெயரைக் கேட்டால் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். நாடி ஐம்பத்தாறு. "இவ மாடு கறக்க உக்காந்தா மாட்டு மேலேயே சாஞ்சு தூங்குவா சார். சாப்பாடும் கெடையாது, ஆனா ஒடம்பு மட்டும் ஊதிக்கிட்டே போவுது."

டாக்டர் இருவரையும் நெடுநேரம் சோதித்தார். இன்றைக்கு மாதிரி ரத்தம் எடுத்து அனுப்பினால் எண் வரும் வசதி கிடையாது. கையும் கண்ணும் காதும் முழங்காலில் தட்டும் சின்னச் சுத்தியலும்தான். பிறகு பொன்னாயியிடம் சொன்னார்:

"கழுத்துல இருக்குற இந்தச் சுரப்பிதாம்மா ஒடம்புக்கு அடுப்பு. தைராய்டுன்னு பேரு. மூத்தவளுக்கு அது ஓயாம எரியுது, ஒடம்பையே போட்டு எரிக்குது. சின்னவளுக்கு அணையப் போற கங்கா கெடக்குது. வீக்கம் ஒண்ணுதான், வியாதி நேர் எதிர்."

பொன்னாயி யோசித்தார். "அப்ப இவகிட்டேருந்து ரெண்டு கங்கு எடுத்து அவளுக்கு வச்சுட முடியாதுங்களா சார்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் அஞ்சலை அழுதாள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "இது வியாதிங்களா சார்? எல்லாரும் என்னை ராங்கி புடிச்சவன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." குஞ்சம்மாளுக்குச் சோம்பேறி என்று பெயர். இரண்டு பேரையும் ஊர் திட்டிய திட்டுக்குக் காரணம் கழுத்தில் இருந்த ஒரு சின்னச் சுரப்பி என்று தெரிந்தபோது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

குஞ்சம்மாளுக்கு வைத்தியம் சுலபம். தைராய்டு மாத்திரை. ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்தது. தினம் ஒரு கிரெயின் எடையில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. அஞ்சலைக்குத்தான் சிக்கல். சீமையில் இதற்குப் புது மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டாக்டர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார், ஆனால் அது எங்கள் ரோட்டுக்கு வந்து சேரவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஆபரேஷன். சுரப்பியில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதையும் நாடி நூற்று முப்பது ஓடும்போது செய்தால் மேஜையிலேயே இருதயம் நின்றுபோகும். முதலில் நாடியை நூறுக்குக் கீழே இறக்க வேண்டும். அதற்குத்தான் அயோடின் சொட்டு. வேளைக்குப் பத்துச் சொட்டு, மூன்று வேளை, பாலில்.

இதில் ஒரு கெடு உண்டு. அயோடினைக் கண்டால் சுரப்பி திகைத்துப்போய் இரண்டு மூன்று வாரம் அடங்கிக் கிடக்கும். அதற்குப் பிறகு பழகிக்கொண்டு பழையபடி ஆட ஆரம்பித்துவிடும். அடங்கிக் கிடக்கும் நாளில் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். திருச்சியில் ஒரு சர்ஜனுக்கு டாக்டர் கடிதம் எழுதி, சரியாக இரண்டு வாரம் கழித்து ஒரு படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். "இதைத் தவற விட்டா அவ இருதயம் இன்னொரு வருஷம் தாங்காது சூசை" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மருந்து வாங்கத் தட்டிப் பக்கம் பொன்னாயி வந்தபோது பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டிஸ்பென்சரியில் மருந்துக்கு உறுப்பின் பெயரை வைத்துக் கூப்பிடுவது என் வழக்கம். வயிற்று மருந்து, காது மருந்து, மார்பு மருந்து. சனங்களுக்கும் அது பிடிக்கும், எனக்கும் சீக்கிரம் வேலை முடியும். அன்றும் அதே பாணியில் இரண்டு சீசாவையும் பொன்னாயி கையில் கொடுத்தேன்.

"ரெண்டும் கழுத்து மருந்து ஆத்தா. சொட்டு பெரியவங்களுக்கு, மாத்திரை சின்னவங்களுக்கு. அடுத்தது யாரு?"

3. என் சோற்றுத் தூக்கில் ஒரு சொட்டு

இனி முதலில் சொன்ன நாளுக்கு வருகிறேன். டாக்டர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. யுத்தத்தில் எல்லாச் சரக்கிலும் கலப்படம். அயோடினும் மட்டமாக வந்திருக்கலாம்.

"இப்பவே சோதிச்சுப் பார்த்துடலாம் சார்" என்றேன். என் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். பழைய சோறும் நீராகாரமும். அதில் கொஞ்சம் நீரை ஒரு கிண்ணியில் ஊற்றி, சொல்யூஷனில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். அரிசிக் கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும். பட்டுச் சேலைக்குச் சாயம் தோய்த்த மாதிரி கிண்ணி கருநீலமானது.

டாக்டர் ஒப்புக்கொண்டார். "மருந்து நல்லாத்தான் இருக்கு. அப்ப இவ குடிக்கலையா?"

"மூணு வேளையும் குடிக்கிறேன் சார்" என்றாள் அஞ்சலை. அத்தையே கையால் கொடுப்பதாகவும் சொன்னாள். பொய் சொல்லும் முகம் இல்லை.

அவர்களை அனுப்பிவிட்டு டாக்டர் மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் நாலு நாளில் திருச்சிக்குப் போயாக வேண்டும். இந்த நாடியோடு போனால் சர்ஜன் திருப்பி அனுப்பிவிடுவார். அனுப்பாமல் கத்தியை எடுத்தால் அது இன்னும் மோசம்.

"சூசை, நாளைக்குக் காலையில சைக்கிளை எடுத்துக்கிட்டு அந்த ஊருக்குப் போ. மருந்து சீசாவுலேருந்து வாய்க்குப் போற வரைக்கும் கூடவே நின்னு பாரு."

4. இரண்டு நீலக் கிண்ணங்கள்

எட்டு மைல் மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பொன்னாயி என்னைப் பார்த்ததும் பதறவில்லை. சந்தோஷமாகத்தான் வரவேற்றார்.

"வாங்க தம்பி. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இப்பத்தான் மருந்து குடுக்கப் போறேன், பாருங்க."

சமையற்கட்டு வாசலில் இரண்டு மருமகள்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி விசிறிக்கொண்டு, ஒருத்தி போர்த்திக்கொண்டு. இருவர் முன்னாலும் ஒவ்வொரு வெண்கலக் கிண்ணம். இரண்டிலும் நீராகாரம். இரண்டும் கருநீலம்.

பாலில் கொடுக்கச் சொன்னதை நீராகாரத்தில் கொடுத்திருக்கிறார்கள், அது போகட்டும். குஞ்சம்மாளின் கிண்ணம் ஏன் நீலமாக இருக்கிறது?

"ஆத்தா, சின்னவங்க கிண்ணத்துல சொட்டு விட்டீங்களா?"

"விடாம? அவளுக்கு அஞ்சு, இவளுக்கு அஞ்சு. வூட்டுல கறக்குற பாலு ரெண்டு பேருக்குக் காணாது, ஒருத்திக்கு மட்டும் குடுத்தா நல்லாருக்காதுன்னு நீராகாரத்துல குடுக்குறேன். நல்லா நீலம் ஏறுது பாருங்க. மருந்து அவ்வளவு வீரியமா இருக்கு."

"மாத்திரை?"

பொன்னாயி ஐந்தறைப் பெட்டியைத் திறந்தார். கடுகு ஓர் அறையில், சீரகம் ஓர் அறையில், வெந்தயம் ஓர் அறையில். நாலாவது அறையில் என் தைராய்டு மாத்திரைகள். எல்லாம் பாதி பாதியாக. பக்கத்தில் பாக்குவெட்டி.

"நல்லா நடுவுல வச்சு அழுத்தினா பொடி உதிராம வெட்டுது. இவளுக்குப் பாதி, அவளுக்குப் பாதி. வெள்ளிக்கிழமை மட்டும் குடுக்குறதில்ல தம்பி. ஆட்டோடதுன்னு டாக்டர் சொன்னாருல்ல, வெள்ளிக்கிழமை எங்க வூட்டுல கவுச்சி சேக்க மாட்டோம்."

ஏற்கெனவே பற்றி எரிகிற அடுப்பில் பத்து நாளாகத் தினமும் விறகு வைத்திருக்கிறோம். அஞ்சலையின் நாடி எப்படி இறங்கும்? அந்தப் பக்கம் குஞ்சம்மாளுக்குத் தேவையான மாத்திரையில் பாதிதான் போகிறது, அதோடு வேண்டாத அயோடினும்.

"ஆத்தா, சொட்டு பெரியவங்களுக்கு மட்டும், மாத்திரை சின்னவங்களுக்கு மட்டும்னு நான் சொன்னேனே."

"சொன்னீங்க. ஆனா ரெண்டும் கழுத்து மருந்துன்னும் நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு பேருக்கும் கழுத்துதானே வீங்கியிருக்கு? அப்ப எதுக்கு ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு வேறன்னு குடுக்கணும்?" பொன்னாயி குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நான் இந்த வூட்டுக்கு வாழ வந்தப்ப என் மாமியாரு ஓரவஞ்சனைக்காரி. மூத்தவளுக்குப் பாலு, எனக்கு மோரு. என் வூட்டுல அது நடக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எதுவானாலும் சரிபாதி."

அந்த அம்மாளைத் திட்ட என்னால் முடியவில்லை. தப்பு என் வாயில் இருந்து புறப்பட்டது. கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று இரண்டு எதிரெதிரான மருந்துகளுக்கு ஒரே பெயர் வைத்தவன் நான். அவர் என் வார்த்தையை நம்பி, நியாயமாக நடந்துகொண்டார், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அடுப்பு, கங்கு என்று டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். பொன்னாயி தலையை ஆட்டினாரே தவிர மனசு ஒப்பவில்லை. "முழு மாத்திரையும் ஒருத்திக்கே குடுத்தா மூத்தவ மனசு என்ன பாடுபடும்?" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை, அவளுக்கே குடுங்க" என்று அஞ்சலை சொன்னாள். "நீ அப்படித்தான் சொல்லுவே, உள்ள வேகும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அப்போதுதான் குஞ்சம்மாள் போர்வைக்குள்ளிருந்து பேசினாள். அந்தக் கரகரத்த குரலில், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் எங்களைக் காத்திருக்க வைத்து.

"அத்தை... மேட்டுக்காட்டுக் கடலைக்கும்... ஏரிக்கீழ் நெல்லுக்கும்... நாம ஒரே தண்ணியா கட்டுறோம்?"

கடலைக்கு நெல்லின் தண்ணீரைக் கட்டினால் அழுகிவிடும். நெல்லுக்குக் கடலையின் தண்ணீரைக் கட்டினால் காய்ந்துவிடும். பொன்னாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுந்துபோய் இரண்டு கிண்ணங்களையும் எருக்குழியில் கொட்டிவிட்டு வந்தார்.

"சொல்லுங்க தம்பி. எவளுக்கு எது?"

5. இறங்கிய நாடி

திரும்பி வந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்து மருந்து என்று நான் சொன்னதையும் மறைக்கவில்லை. ஐந்தறைப் பெட்டி வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டவர், கழுத்து மருந்து என்ற இடத்தில் சிரிப்பை நிறுத்தினார்.

"இனிமே நம்ம டிஸ்பென்சரியில வயித்து மருந்து, கழுத்து மருந்துங்கற பேச்சே கெடையாது சூசை. ஆளு பேரைச் சொல்லு, எதுக்குன்னு சொல்லு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளு."

"சரி சார்."

"வெள்ளிக்கிழமை சமாச்சாரம் பரவால்ல. அந்த மாத்திரை ஒடம்புல மெதுவாத்தான் கரையும், ஒரு நாள் விட்டா குடி முழுகிடாது. சாமியோட நாம சண்டைக்குப் போக வேண்டாம்."

அன்றே திருச்சிக்குத் தந்தி போனது. ஒரு வாரம் தள்ளிவைக்கும்படி டாக்டர் கேட்டிருந்தார். அதற்கு மேல் தள்ள முடியாது, அயோடின் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிவிடும். அஞ்சலையின் உடம்பில் ஏறிய மாத்திரை வடிய வேண்டும், அதே சமயம் அயோடினின் பிடி தளர்ந்துவிடக் கூடாது. சர்ஜனிடமிருந்து மறுநாள் பதில் வந்தது. ஒரு வாரம் தருகிறேன், நூறுக்கு மேல் இருந்தால் கூட்டிவர வேண்டாம் என்று.

அதுவரை இருந்த பத்து நாளும் இரண்டு நாள் விட்டு ஒருநாள் நான் சைக்கிளில் அந்த ஊருக்குப் போனேன். டாக்டர் தன் கடிகாரத்தையே என்னிடம் கொடுத்து அனுப்பினார். அஞ்சலையைப் படுக்கவைத்து வேலை எதுவும் செய்யவிடக் கூடாது என்பது உத்தரவு. அவள் படுக்க மறுத்து எழுந்து எழுந்து ஓடினாள். "படுடி, ஒனக்குப் பதிலா நான் ஓடுறேன்" என்று பொன்னாயி துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வார். தூக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் சேர்ந்தபின் மெல்ல அடங்கினாள்.

முதல் நாள் எண்ணியபோது நூற்று இருபத்தாறு. அடுத்த தடவை நூற்றுப் பதினாலு. அதற்கடுத்த தடவை நூற்று நாலு. எண்ணி முடித்துக் கையை விட்டதும் வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். நான் எண்ணைச் சொன்னதும் பொன்னாயி முருகன் கோயில் உள்ள செட்டிகுளம் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார்.

ரயில் ஏற வேண்டிய நாள் காலையில் அவர்கள் நேரே டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். டாக்டர் எண்ணினார். முழுசாக ஒரு நிமிஷம். பிறகு நம்பாமல் இன்னொரு நிமிஷம்.

"தொண்ணூத்தாறு. கெளம்புங்க, பாசஞ்சர் வந்துடப் போவுது."

அஞ்சலையின் புருஷனும் கூட வந்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். அவர் டாக்டரைக் கும்பிட்டுவிட்டு, என் கையையும் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். நான் தட்டிக்குப் பின்னால் போய் ஏதோ சீசாவைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மூன்று வாரத்தில் கழுத்தில் மணிச்சரம் மாதிரி மெல்லிய தழும்போடு அஞ்சலை திரும்பி வந்தாள். நாடி எண்பது. கன்னத்தில் சதை தெரிந்தது. அதற்குள் குஞ்சம்மாள் முழு மாத்திரையில் தேறி, போர்வையைக் கழற்றிவிட்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னாள். சில சமயம் கேட்காத கேள்விக்கும் சொன்னாள். "முன்னாடியே தேவல தம்பி, இப்ப இவ வாயை மூட மாட்டேங்குறா" என்று பொன்னாயி புகார் செய்தார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். செட்டிகுளத்தில் அஞ்சலைக்காக ஒரு பால்குடம்தான் நேர்ந்திருந்தார், ஆனால் ஆளுக்கொரு குடத்தோடு மலை ஏறியவர்கள் மருமகள்கள் இருவரும்தான் என்பதை நான் சொல்லாமலே நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

6. ஒரே மாத்திரை

ஒன்றேகால் வருஷம் இருக்கும். ஒருநாள் அதே வண்டி, அதே மூவர். இந்தத் தடவை போர்த்திக்கொண்டு இறங்கியவள் அஞ்சலை.

எனக்குத் திக்கென்றது. முகம் உப்பியிருந்தது. குரல் கரகரத்தது. எண்பதில் விட்ட நாடி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. "இப்பல்லாம் எனக்குக் கோவமே வரல சார். வரணும்னு நெனச்சாக்கூட வரல" என்றாள் மெதுவாக.

டாக்டர் அவள் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் ஆற அமர எழும்பி, ஆற அமர இறங்கியது. அவர் முகம் தெளிந்தது.

"பயப்படாதீங்க. ஆபரேஷன்ல சுரப்பியை நெறைய எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்குறது ஒடம்புக்குப் போதல. இப்படி ஆறதுண்டு. இனிமே இவளுக்கும் சின்னவளோட மாத்திரைதான்."

பொன்னாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்த மாத்திரை? நான் பாதி வெட்டிக் குடுத்தேனே, அதுவா?"

"அதேதான்."

"நான் அன்னைக்கே குடுத்தேன். வேண்டாம்னீங்க."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அஞ்சலைகூட, தாமதமாக, சிரித்தாள். போன வருஷம் அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்த மாத்திரை இந்த வருஷம் அவளுக்கு மருந்து. ஒரே ஆள்தான், ஒரே கழுத்துதான். எனக்கு அது இன்றும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

நான் உற்சாகமாகத் தட்டிக்குப் பின்னால் போனேன். யுத்தம் முடிந்து மாத்திரை தாராளமாக வர ஆரம்பித்திருந்தது. சீட்டில் மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, இருவருக்கும் ஒரு மாதத்துக்கு என்று குத்துமதிப்பாக எடுத்து, பொன்னாயி கொண்டுவந்த பெரிய சீசாவில் கொட்டி, மூடியைத் திருகி நீட்டினேன்.

"இந்தாங்க ஆத்தா, ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. ஒங்க ஆசைப்படியே ஆயிடுச்சு."

பொன்னாயி வாங்கிக்கொள்ளவில்லை. சீசாவை என் பக்கமே தள்ளினார்.

"அப்படிக் குடுக்காதீங்க தம்பி. ரெண்டு சீசாவுல தனித்தனியாப் போடுங்க. அஞ்சலைக்கு எத்தனை, குஞ்சம்மாளுக்கு எத்தனைன்னு சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்லுறேன், சரியான்னு கேளுங்க."

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். குஞ்சம்மாளுக்கு, இடையில் டாக்டர் கூட்டியிருந்தபடி, இரண்டு கிரெயின். அஞ்சலைக்கு, ஆரம்பம் என்பதால், அரை கிரெயின்.

அஞ்சலையின் மருந்தில் நாலு மடங்கு குஞ்சம்மாளுக்கு. சரிபாதியாகப் பிரித்திருந்தால் அஞ்சலையின் இருதயம் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கும், குஞ்சம்மாள் போர்வையைத் தேடியிருப்பாள். இன்னொரு சீசாவைக் கழுவினேன். இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டி, அளவைச் சொன்னேன். பொன்னாயி ஒரு முறை தவறில்லாமல் திருப்பிச் சொன்னார். பிறகு மருமகள்கள் இருவரையும் தட்டிக்கு அருகே கூப்பிட்டு, அவரவர் அளவை அவரவர் வாயால் என்னிடம் சொல்லவைத்தார். குஞ்சம்மாள் உடனே சொன்னாள். அஞ்சலை சொல்லி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.